சிறு ஃபைபர் படகில் ஆடாத இருக்கை போடுவது எப்படி

பழைய ஃபைபர் படகு ஒன்றின் வெளிப்பக்கத்தைக் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் உற்றுப் பாருங்கள். உள்ளே இருக்கைப் பலகை எங்கே முட்டி நிற்கிறதோ, வெளியே அதே இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் மேலிருந்து கீழாக இறங்கியிருக்கும். சில படகில் அது சிலந்திவலை போல் பரவியிருக்கும். பலகையை உறுதியாகப் போட வேண்டும் என்று நினைத்து, அதன் முனையைப் படகின் சுவரோடு இறுக்கி முட்ட வைத்ததன் விளைவு இது. படகின் பக்கச் சுவர் ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் வளைந்து நிமிரும். பலகை முட்டும் அந்த ஒரு கோட்டில் மட்டும் வளைய முடியாது. வளைவு முழுக்க அங்கே வந்து சேரும், அங்கேயே உடையும்.

ஆகவே முதலில் மனத்தில் இருக்க வேண்டியது: குறுக்கே போகும் இருக்கை உட்காருவதற்கு மட்டும் இல்லை. இரண்டு பக்கச் சுவரையும் விரியாமலும் நெருங்காமலும் பிடித்து வைப்பது அதுதான். அந்தப் பாரத்தை எவ்வளவு அகலமான பரப்பில் விரித்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் வேலை இருக்கிறது. கீழே உள்ள அளவுகள் எல்லாம் 18 முதல் 22 அடி வரை நீளமும், உள்ளே 5 அடிக்குள் அகலமும், 8 முதல் 15 குதிரைத்திறன் வெளிப்பொருத்து எஞ்சினும் உள்ள திறந்த படகுக்கு. பெரிய வள்ளத்துக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய இருக்கையைக் கழற்றும் முன்

படகை மணலில் சமமாக உட்கார வையுங்கள். அணியத்திலும் (படகின் முன்முனை) பின்னாலும் மட்டும் கட்டை கொடுத்து நடுவில் தொங்க விட்டால் அடித்தளம் தொய்யும். அந்தத் தொய்வோடேயே புது இருக்கையை ஒட்டிவிட்டால், கோணல் நிரந்தரமாகிவிடும். மணல் மூட்டைகளை அடியில் ஐந்தாறு இடத்தில் திணித்தால் போதும்.

பிறகு இருக்கை இருக்கும் இடத்தில் மேல்விளிம்பின் உள் அகலத்தை அளந்து, படகிலேயே மார்க்கரில் எழுதி வையுங்கள். இருக்கைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சவுக்குக் கழியை இரண்டு விளிம்புக்கும் இடையில் கொடுத்து, மேலே கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். கழி நெருங்காமல் பார்த்துக்கொள்ளும், கயிறு விரியாமல் பார்த்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் அறுத்தால் சுவர் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விரிந்துவிடலாம், அதன் பிறகு எந்த அளவும் சரிவராது. இரண்டு மூன்று இருக்கை மாற்ற வேண்டுமானால் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிப் போடுவது புதிதாக வருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

எந்த வகை இருக்கை

பெட்டி இருக்கை, பலகை இருக்கை என்று இரண்டு வகை. பெட்டி இருக்கையில் முன்னும் பின்னும் தடுப்புப் பலகை தரை வரை இறங்கும், மேலே மூடி, உள்ளே மிதவை நுரை. பலகை இருக்கை இரண்டு பக்கச் சுவரிலும் ஒட்டிய தாங்கு சட்டத்தின் மேல் உட்காரும், தேவைப்பட்டால் கழற்றலாம். நடு இருக்கை கண்டிப்பாகப் பெட்டியாக இருக்கட்டும். எஞ்சின் ஓட்டுபவரின் இருக்கையையும் பெட்டியாக்கினால் நல்லது. வலை அடுக்கும் இடத்தில் மட்டும் பலகை போதும்.

பலகை வகையில் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 140 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 18 மி.மீ. பிளைவுட்டை இரண்டு முனையில் மட்டும் தாங்க வைத்து நடுவில் 75 கிலோ ஆள் உட்கார்ந்தால், அது மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தொய்யும். அலையில் படகு தூக்கிப் போடும்போது அதே ஆளின் பாரம் இரண்டு மூன்று மடங்காக இறங்கும். நம்ப முடியவில்லை என்றால் ஒரு பிளைவுட் துண்டை இரண்டு செங்கல் மேல் வைத்து ஏறி நின்று பாருங்கள். கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். அதனால் அயினி மாதிரிக் கடல் தாங்கும் மரமானால் 40 மி.மீ. பலகை போடுங்கள். பிளைவுட்தான் என்றால் அடியில் 40 × 75 மி.மீ. சட்டம் ஒன்றை, 75 மி.மீ. பக்கம் செங்குத்தாக நிற்கும்படி, நீளவாக்கில் ஒட்டித் திருகிவிடுங்கள். பெட்டி இருக்கைக்கு இந்தக் கவலை இல்லை. மூடியின் இரண்டு ஓரத்தையும் தடுப்புப் பலகைகள் நெடுக்கத் தாங்குகின்றன.

உயரம்: தரையிலிருந்து 30 முதல் 35 செ.மீ. நாற்காலி உயரத்துக்கு 45 செ.மீ. வைத்தால் உட்கார வசதியாகத்தான் இருக்கும், ஆனால் சிறு படகு பக்கவாட்டில் ஆடும் ஆட்டம் கூடிவிடும். இருக்கையின் மேல்மட்டம் படகு விளிம்பிலிருந்து 15 செ.மீ.யாவது கீழே இருக்க வேண்டும். அகலம் 28 முதல் 30 செ.மீ. இரண்டு இருக்கைக்கு நடுவே 85 செ.மீ. இடைவெளி விட்டால் கால் நீட்டவும் மீன் பெட்டி வைக்கவும் இடம் கிடைக்கும். எஞ்சின் தொங்கும் பின்தட்டுக்கும் கடைசி இருக்கைக்கும் நடுவே எவ்வளவு என்பதை எஞ்சினை மாட்டி, கைப்பிடியை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். துடுப்பும் போடுவீர்கள் என்றால், பின்பக்கம் பார்த்து உட்காரும் ஆளுக்குத் துடுப்புக் கொண்டி இருக்கையின் பின்விளிம்பிலிருந்து 30 செ.மீ. பின்னால் வரட்டும்.

வாங்க வேண்டியவை

ஒரு பெட்டி இருக்கைக்கு: தடுப்புக்கு 12 மி.மீ., மூடிக்கு 18 மி.மீ. மெரைன் பிளைவுட். ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பலகையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். சாதாரண கமர்ஷியல் பிளைவுட் பாதி விலைக்குக் கிடைத்தாலும் உப்புத் தண்ணீர் ஒரு முறை உள்ளே போனால் ஏடு ஏடாகப் பிரியும். 450 ஜிஎஸ்எம் மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு) 3 கிலோ, ரெசின் (அந்த இழையை நனைத்து இறுகும் பிசின்) 9 கிலோ. ஐசோ ரெசின் கிடைத்தால் அதையே வாங்குங்கள், சாதாரண ஜிபி ரெசினைவிடத் தண்ணீரைத் தாங்கும். அதற்கேற்ற கோபால்ட், கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்க அதில் கலக்கும் இரண்டு திரவங்கள்), ஒரு லிட்டர் அசிட்டோன், டால்க் பவுடர் இரண்டு கிலோ. இரண்டு கேனாக வரும் பியூ (பாலியூரித்தேன்) நுரை மொத்தம் 6 கிலோ. கிரைண்டருக்கு 36 அல்லது 40 நம்பர் டிஸ்க், இரும்பு வரி ரோலர், இரண்டு அங்குல பிரஷ் அரை டஜன். தூசிக்கு ஒரு மாஸ்க், ரெசின் ஆவிக்குக் கரி வடிகட்டி வைத்த மாஸ்க், கண்ணாடி, கையுறை. கண்ணாடி இழைத் தூசி முழங்கையில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

தாளில் வெட்டிப் பார்ப்பது

படகின் உள்வளைவு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு பக்கத்தை அளந்து மறுபக்கத்துக்குத் திருப்பிப் போடுவது வேண்டாம். பழைய அட்டைப்பெட்டியை வெட்டி இருக்கை நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள், இடைவெளி தெரியும் இடத்தில் இன்னொரு துண்டை வைத்து டேப் ஒட்டுங்கள். வளைவு முழுக்கப் பொருந்தி வந்த பிறகு, அந்த அட்டையைச் சுற்றிலும் 8 மி.மீ. குறைத்துப் பிளைவுட்டில் வரையுங்கள்.

அந்த 8 மி.மீ. இடைவெளிதான் ஆரம்பத்தில் சொன்ன விரிசலைத் தடுக்கிறது. பிளைவுட் முனை எந்த இடத்திலும் படகுச் சுவரைத் தொடக் கூடாது. இடைவெளியில் மென்மையான நுரைப் பட்டையைச் செருகி, அதன் மேல் புட்டி (ரெசினில் டால்க் பவுடர் பிசைந்த பசை, செய்முறை பின்னால் வருகிறது), அதன் மேல் மேட். இறுக்கமாகப் பொருந்துவது மாதிரி வெட்டுவதுதான் நல்ல தச்சு வேலை என்று கை சொல்லும். மரப் படகில் அது சரி, ஃபைபரில் அப்படிச் செய்யக் கூடாது.

வெட்டிய பிளைவுட் எல்லாவற்றுக்கும், முக்கியமாக வெட்டு முனைகளுக்கு, ஒரு தடவை ரெசின் பூசி உலர விடுங்கள். பிளைவுட் தண்ணீர் குடிப்பது முனை வழியாகத்தான். மேல்பரப்பைக் கரடாகத் தேய்த்த பிறகே மேட் ஒட்டும்.

தண்ணீர் போகும் வழி

பெட்டி குறுக்கே நின்றால் படகுக்குள் விழும் தண்ணீர் அதன் முன்னால் தேங்கிவிடும், பின்னால் இறைக்கும் இடத்துக்கு வராது. அதனால் நடு ஏராவின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) இரண்டு பக்கத்திலும் தடுப்புகளின் அடியில் ஒவ்வொரு வாய்க்கால் விட வேண்டும். இதற்குப் பிவிசி பைப்பையே வைத்து ஒட்டுகிறார்கள். பிவிசியில் ரெசின் சரியாகப் பிடிக்காது, ஆறு மாதத்தில் விளிம்பில் பிரிந்து, தண்ணீர் பெட்டிக்குள் போகும். 63 மி.மீ. பைப்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மேலே மெழுகு பூசி, அதன் மேல் இரண்டு ஏடு மேட் போட்டு எடுத்தால் ஃபைபரிலேயே அரைக்குழாய் கிடைக்கும். அதைக் கவிழ்த்துத் தரையில் ஒட்டிவிட்டு, தடுப்புப் பலகையில் அந்த வடிவத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

தரையைத் தயார் செய்வது

மீன் எண்ணெய், எஞ்சின் ஆயில், உப்பு எல்லாம் ஊறிய தரை இது. கிரைண்டரை எடுப்பதற்கு முன்னால் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, ஒரு முழு நாள் காய விடுங்கள். கழுவாமல் தேய்த்தால் எண்ணெய் இழைக்குள்ளேயே இறங்கிவிடும். பிறகு ஒட்டும் கோட்டின் இரண்டு பக்கமும் 12 செ.மீ. அகலத்துக்கு, பெயிண்ட் எல்லாம் போய்க் கண்ணாடி இழை மங்கலாகத் தெரியும் வரை தேயுங்கள். பளபளப்பு ஓரிடத்தில் மிச்சம் இருந்தாலும் அங்கே ஒட்டாது. தூசியைத் துடைத்து, அசிட்டோன் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்து, உலர்ந்த பிறகு அன்றே வேலையைத் தொடங்குங்கள். இரவுப் பனி விழ விட்டால் மறுநாள் மறுபடி தேய்க்க வேண்டும்.

ரெசின் கலப்பது

முதலில் கடைக்காரரிடம் கேளுங்கள்: கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினா, கலக்காததா. கலக்காதது என்றால் ஒரு கிலோவுக்கு 10 மில்லி கோபால்ட் விட்டு, நிறம் ஒரே சீராகும் வரை கலக்குங்கள். அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட், கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி. விற்பவர் தரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாக ஒன்றோடொன்று சேரவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். இரண்டுக்கும் தனித்தனி அளவுக் குவளை வையுங்கள், ஒரே பையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனை.

சித்திரை வெயிலில் கேட்டலிஸ்ட்டைக் குறைத்தால் நிறைய நேரம் கிடைக்கும் என்று கிலோவுக்கு 5 மில்லிக்கு இறக்குகிறார்கள். அப்படிப் போட்டால் ரெசின் முழுதாக இறுகாமல் பல நாள் ரப்பர் மாதிரியே நிற்கும். 10 மில்லிக்குக் கீழே போகாமல், ஒரு தடவைக்கு அரை கிலோ மட்டும் கலக்குவதுதான் வழி. வாளியில் இரண்டு கிலோ கலந்து வைத்தால் பாதி வேலையிலேயே சூடேறிப் புகையும். காலை பனி காய்ந்த பிறகு, பதினோரு மணிக்குள், நிழலில் வேலை செய்யுங்கள்.

தடுப்புகளை ஒட்டுவது

தடுப்பை நிறுத்தி, மட்டம் பார்த்து, நாலு இடத்தில் புட்டி வைத்துப் பிடிக்க விடுங்கள். ரெசினில் டால்க் பவுடரும் நறுக்கிய மேட் இழை ஒரு பிடியும் சேர்த்துத் தோசை மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்தால் புட்டி. நுரைப் பட்டையின் மேல் மூலை நெடுக இந்தப் புட்டியை வைத்து, ஒரு ரூபாய் நாணயம் அல்லது வட்ட முனைச் சிரட்டைத் துண்டால் இழுத்தால் உள்வளைவு கிடைக்கும். மூலை கூர்மையாக இருந்தால் மேட் அங்கே படியாது, அடியில் காற்று நிற்கும்.

புட்டி இறுகும் முன்பே மேட் போடலாம். முதலில் 10 செ.மீ. அகலப் பட்டை, அதன் மேல் 15, அதன் மேல் 20. ஒவ்வொன்றிலும் பாதி தடுப்பில், பாதி படகில். ஓரங்கள் படிப்படியாக மெலிந்து போவதால் பாரம் ஒரே கோட்டில் நிற்காது. தரையில் முதலில் ரெசின் தடவி, அதன் மேல் மேட்டை வைத்துப் பிரஷால் குத்துங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் இழை சுருண்டு வரும். மேட் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி தெளிந்ததும் ரோலரால் காற்றை ஓரத்துக்குத் தள்ளுங்கள். பால் நிறத் திட்டு எங்கே நிற்கிறதோ அங்கே காற்று நிற்கிறது. ஒரு ஏடு 450 மேட் ஏறக்குறைய 1 மி.மீ. கனம் தரும், மூன்று ஏட்டுக்கு 3 மி.மீ. இதே மூன்று பட்டை தடுப்பின் உள்பக்கத்திலும் வேண்டும். மூடி போட்ட பிறகு அங்கே கை நுழையாது, ஆகவே அதை மறந்துவிடாதீர்கள்.

நுரை எவ்வளவு

படகு கவிழ்ந்து தண்ணீர் நிறைந்தால் அது மூழ்காமல் நிற்பது இந்தப் பெட்டிகளால்தான். ஃபைபர் தண்ணீருக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் கனக்கும். 350 கிலோ படகு என்றால் சுமார் 115 கிலோ. 40 கிலோ எஞ்சின் சுமார் 30 கிலோ. நங்கூரம், ஈயக் குண்டு வகையில் 20. பிடித்துத் தொங்கும் நாலு பேருக்கு ஆளுக்கு 10 கிலோ. மொத்தம் 205 கிலோ. ஒரு லிட்டர் நுரை ஏறக்குறைய ஒரு கிலோ தூக்கும், கொஞ்சம் கூட்டி 250 லிட்டர் வையுங்கள். 140 × 30 × 35 செ.மீ. பெட்டி கணக்குப்படி 147 லிட்டர், அடி வளைவு போக 120 நிற்கும். இரண்டு பெட்டி போட்டால் கிட்டத்தட்டத் தேவை தீர்கிறது. மீதியை அணியத்தின் மேல்தட்டுக்கு அடியில் நிரப்புங்கள். தரைக்கு அடியில் மட்டும் நுரை அடைத்த படகு தண்ணீர் நிறைந்ததும் தலைகீழாகத் திரும்பப் பார்க்கும். மிதவை உயரத்திலும் ஓரங்களிலும் இருக்க வேண்டும்.

தெர்மோகோல் மலிவு என்று அடைப்பவர்கள் உண்டு. ரெசின் பட்டால் அது கண் முன்னே கரைந்து குழியாகிவிடும், பெட்ரோல் பட்டாலும் அதே கதி. போட்டே ஆக வேண்டுமானால் பாலித்தீனில் இரண்டு சுற்று சுற்றிப் போடுங்கள். மூடி இறுக்கிய காலி இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்களை நெருக்கி அடுக்குவது அதைவிட நல்ல யோசனை: எண்ணிப் பார்க்கலாம், ஒன்று ஓட்டையானாலும் மற்றவை நிற்கும்.

பியூ நுரை என்றால் மூடியை ஒட்டிய பிறகு அதில் 50 மி.மீ. துளை மூன்று போடுங்கள். இரண்டு திரவத்தையும் சம அளவு எடுத்துப் பத்துப் பதினைந்து விநாடி வேகமாகக் கலக்கி உடனே ஊற்ற வேண்டும். ஒரு முறைக்கு அரை கிலோதான். பொங்கி அடங்கி இருபது நிமிடம் கழித்து அடுத்தது. மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஊற்றினால் நுரை மூடியை மேலே உப்ப வைத்துவிடும், அதைத் திரும்ப இறக்க முடியாது. அதன் ஆவி நுரையீரலுக்குக் கெடுதி. காற்று வீசும் பக்கம் முதுகு காட்டி நில்லுங்கள், அதாவது ஆவி உங்களை விட்டு விலகிப் போக வேண்டும். நிரம்பி வழிந்ததை அறுத்துவிட்டு, துளைகளைப் பிளைவுட் வில்லையும் இரண்டு ஏடு மேட்டும் போட்டு மூடுங்கள். கடைசியாக மூடி முழுக்கவும் முன் பின் தடுப்புகளிலும் இரண்டு ஏடு மேட்.

பெட்ரோல் டாங்கை மட்டும் மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டாம். ஆவி தேங்கும்.

போல்ட் போடும் இடங்கள்

பலகை இருக்கையைத் தாங்கு சட்டத்தோடு பிடிக்கவும், தூண்டில்காரர்கள் விரும்பும் சுழல் நாற்காலியை மாட்டவும் போல்ட் வேண்டும். 8 மி.மீ., எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) 316 வகை. 304 வகை கடலில் துருக்கறை பிடிக்கும். மரத் திருகாணி வேண்டாம், ஆட ஆட அது பிளைவுட்டை அரைத்துப் பெரிய துளையாக்கிவிடும். துளையை முதலில் 12 மி.மீ. ஆகப் போட்டு, எபாக்ஸி நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் 8 மி.மீ. துளை போடுங்கள். தண்ணீர் எபாக்ஸியோடு நின்றுவிடும், பிளைவுட்டைத் தொடாது. அடியில் சாதாரண வாஷர் பற்றாது. சுழல் நாற்காலிக்கு மூடியின் உள்பக்கத்தில் 30 × 30 செ.மீ., 18 மி.மீ. பிளைவுட் ஒன்றை, நுரை ஊற்றுவதற்கு முன்பே ரெசினில் ஒட்டி வைக்க வேண்டும். நட்டுக்கும் அப்போதே வழி செய்ய வேண்டும் என்பதால், நாற்காலி வேண்டுமா என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டைப் போடும் முன் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், எஸ்எஸ் மரை உலர்வாக இறுக்கினால் பாதியில் கடித்துக்கொள்ளும். அடைப்புக்குப் பியூ சீலன்ட். குளியலறைச் சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயிண்ட்டும் ஒட்டாது, ரெசினும் ஒட்டாது.

கால் நீண்ட உயர நாற்காலி ஏரிக்கும் கழிமுகத்துக்கும் சரி. அதிலும் படகு ஓடும்போது இறங்கித் தாழ்ந்த இருக்கையில் உட்கார வேண்டும். அலையடிக்கும் கடலில் அது வேண்டவே வேண்டாம்.

வலை சிக்காமல்

வலைப் படகில் இருக்கையின் எல்லா ஓரமும் 12 மி.மீ.க்குக் குறையாமல் உருண்டிருக்க வேண்டும். போல்ட் தலை வெளியே நீட்டினால் ஒரு கண்ணியாவது தினமும் கிழியும். தேய்த்து முடித்ததும் ஒரு கைப்பிடிப் பஞ்சை எடுத்து மூலை முடுக்கெல்லாம் தடவுங்கள். மிச்சம் நிற்கும் கண்ணாடி முள் ஒவ்வொன்றும் ஒரு இழைப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு காட்டிக்கொடுக்கும். அங்கே 80 நம்பர் தாளால் இன்னொரு முறை தேயுங்கள்.

மேல்பூச்சுக்கு மெழுகு கரைசல் கலந்த ரெசின், இல்லாவிட்டால் மேல்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த சலித்த மணலைத் தூவினால் வழுக்காது. வெளிர் நிறமாகப் பூசுங்கள், கரும்பச்சை இருக்கையில் மதியம் உட்கார முடியாது.

சோதனை

ஒரு முழு நாள் யாரும் ஏறக் கூடாது. அதன் பிறகு மூன்று பேர் ஒரே இருக்கையில் பத்து நிமிடம் உட்காருங்கள். முன்கூட்டியே நூல் கட்டி வைத்திருந்தால் தொய்வு தெரியும். பெட்டி இருக்கை தொய்யவே கூடாது, பலகை 5 மி.மீ.க்கு மேல் தொய்ந்தால் சட்டம் பற்றவில்லை என்று அர்த்தம். குறுக்குக் கழியை எடுத்துவிட்டு விளிம்பு அகலத்தை மறுபடி அளந்து, மார்க்கரில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். ஒட்டிய பட்டைகளை நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், பிடித்த இடத்தில் கணீர் என்றும் காற்று நிற்கும் இடத்தில் சொத சொதவென்றும் கேட்கும். உள்ளங்கை அளவுக்கு மேல் சொதசொதத்தால் அந்த இடத்தை மட்டும் அரைத்தெடுத்து மறுபடி போடுங்கள்.

கடலுக்குப் போக ஒரு வாரம் கழியட்டும். முதல் பத்து நாள் ஓட்டத்துக்குப் பிறகு போல்ட்டுகளை ஒரு முறை இறுக்கி, வாய்க்காலில் மீன் செதில் அடைத்திருந்தால் குச்சி விட்டுத் தள்ளி, படகைக் கரையேற்றி இருக்கைக்கு நேரான வெளிச் சுவரில் மை தடவித் துடைத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் மை அதில் கோடாக நிற்கும்.